தை பிறக்குறதுக்குள்ள எதை வெட்டலாம், எந்த விதை வாங்கலாம்? (ராமநாதபுரம் மாவட்டம் புதுமடம் பக்கம், 10 சென்ட், ஒரே கிணறு)

தோஹா மச்சான்

எல்லாருக்கும் சலாம், வணக்கம். மார்கழி கடைசியில லீவுல ஊருக்கு வர்றேன். வீட்டுக்குப் பின்னால 10 சென்ட் மணல் தரை கிடக்கு, தென்கடலுக்கு நடந்து போற தூரம். ஒரு உறைக்கிணறு இருக்கு. மரம்னா முருங்கை ரெண்டு, கொய்யா, எலுமிச்சை, ஒட்டு மா ஒவ்வொண்ணு, கறிவேப்பிலை, மல்லி ஏழெட்டுத் தூரு. தெற்கு ஓரமா பூவரசு வேலி. ஆடியில உம்மா போட்ட கத்திரி இப்ப கிழடு தட்டி நிக்குதாம்.

ரூம்ல ராத்திரி உக்காந்து லண்டன்காரங்க தோட்ட வீடியோவா பாக்குறேன். டிசம்பர், ஜனவரியில மரம் தூங்கும், அப்பவே கவாத்து பண்ணிடு, பண்ணிட்டு அடுப்புப் பக்கத்துல உக்காந்து விதை லிஸ்ட் போடுங்குறாங்க. நானும் புதுக் கட்டர் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். எதை எதை வெட்டலாம்? விதை எது எது, எவ்வளவு? உம்மாவுக்குத் தெரியும், ஆனா போன்ல கேட்டா "நீ முதல்ல வா"ன்னு மட்டும்தான் சொல்லுது.

உச்சிப்புளித் தோப்பு

தம்பி, கட்டரைப் பெட்டியிலயே வை. அந்த ஊருக்காரங்க சொல்றது அந்த ஊருக்குச் சரி. ஆப்பிள், பேரி மாதிரி மரமெல்லாம் குளிர்ல இலையைக் கொட்டிட்டு, சத்தை வேர்லயும் கட்டையிலயும் சேர்த்து வச்சிட்டு நிக்கும். 7 டிகிரிக்குக் கீழ நூத்துக்கணக்கான மணி நேரம் குளிரு வாங்குனாத்தான் ஆப்பிள் ஒழுங்கா மொட்டு விடும். அந்தத் தூக்கத்துல வெட்டுனா மரத்துக்கு நஷ்டம் கம்மி, இலை இல்லாததால கிளையும் கண்ணுக்குத் தெளிவாத் தெரியும். அதான் அங்க டிசம்பர்.

நம்ம பக்கம் பாம்பன்ல தை மாசத்து விடியக்காலையில கூட 20 டிகிரிக்குக் கீழ இறங்குறது அபூர்வம். மரம் தூங்குறதே இல்ல. நமக்குக் கத்தியை எடுக்கச் சொல்றது மழையும் காத்தும்தான், குளிர் இல்ல. ஐப்பசி, கார்த்திகை மழை குடிச்சு, மண்ணுல ஈரம் இருக்கும்போதே துளிர் வர்ற மாதிரி வெட்டணும். ஈரம் போன பிறகு வெட்டுனா, வந்த துளிரு பங்குனி வெயில்ல கருகும்.

ஒவ்வொண்ணாச் சொல்றேன்.

மா: கிட்டயே போகாத. மார்கழி, தையிலதான் பூக்கும். போன சீசன்ல விட்டு முத்துன கிளையோட நுனியிலதான் பூவே வரும். நீ அழகுக்கு நுனியை நறுக்குனா அந்த வருசத்துக் காயை நறுக்குன மாதிரி. காய் இறக்கின உடனே, ஆனி, ஆடியில வெட்டு. இப்ப பண்ணலாம்னா காஞ்ச குச்சியையும் புல்லுருவியையும் மட்டும் எடு. புல்லுருவியை மேலாப்ல கிள்ளிட்டுப் போனா மறுபடி வரும், அது ஒட்டுன கிளையையே ஒரு முழம் கீழ தள்ளி வெட்டணும்.

கொய்யா: இது நேர் எதிரு. புதுத் துளிர்லதான் பூ. வேளாண் பல்கலைக்கழகம் செப்டம்பர், அக்டோபர்ல ஒரு தடவை, பிப்ரவரி, மார்ச்ல ஒரு தடவைன்னு சொல்லுது. உன் லீவு முடியுறதுக்குள்ள மாசி பிறந்தா லேசா நுனி தட்டு.

எலுமிச்சை: அடிக்கட்டையிலேர்ந்து நேரா மேல போற முள்ளுப் போத்து இருக்கும் பாரு, இலை பெருசா, பச்சை அடர்த்தியா. காய்க்காது, சாப்பிட மட்டும் செய்யும். அதையும், தரையிலேர்ந்து ரெண்டடி வரைக்கும் உள்ள பக்கக் கிளையையும் எடுத்துரு. இது இப்பவே செய்யலாம்.

பூவரசு வேலி: இதை இப்ப வெட்டு, தள்ளிப் போடாத. வைகாசியில கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, கிளம்பினா தென்கடல் உப்பு முழுக்க உன் தோட்டத்து மேலதான் வந்து உக்காரும். இப்ப தலையைத் தட்டுனா வைகாசிக்குள்ள அடர்ந்து மறைப்பு கட்டிரும். சித்திரையில வெட்டுனா கச்சான் வர்ற நேரத்துல வேலி மொட்டையா நிக்கும்.

பெரியபட்டினம் லாத்தா

உச்சிப்புளி அண்ணன் சொன்னது சரி. மல்லியும் கறிவேப்பிலையும் நான் சொல்றேன்.

மல்லியை நவம்பர் கடைசி வாரத்துல தரையிலேர்ந்து 50 செ.மீ. விட்டு ஒரே மட்டமா வெட்டணும். அதுதான் கணக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி தண்ணியை நிறுத்திக் கொஞ்சம் வாட விடணும். வெட்டுன பிறகு மிச்ச இலையையும் உருவி, காஞ்ச தூரையெல்லாம் எடுத்துட்டு, சுத்திக் கொத்தி எரு போட்டா மாசி, பங்குனியில அரும்பு கட்டும். நீ வர்ற வரைக்கும் காத்திருக்காம உம்மாவை இப்பவே வெட்டச் சொல்லு. எங்க பக்கம் இந்த வருசம் மழை விடவே இல்ல, கார்த்திகை கடைசியிலதான் வெட்டுனோம், பரவாயில்ல.

வெட்டுன குச்சியை ஆட்டுக்குப் போட்டுராத வாப்பா. பென்சில் கனத்துல உள்ளதைப் பதியம் போடலாம். தங்கச்சிமடத்துல மல்லி நாத்து போடுறவங்க எல்லாம் இந்தக் கடற்கரை மண்ணைத்தான் நம்பிப் பிழைக்குறாங்க, மதுரைப் பக்கத்துக்கே நாத்து இங்கேர்ந்துதான் போகுது. மணல்ல தண்ணி தேங்காது, வேர் அழுகாது. களிமண்ணுல அதே குச்சியை வச்சா பாதி கருத்துப் போகும்.

கறிவேப்பிலை: நெஞ்சு உயரத்துக்கு மேல வளர விடாத. நுனியைக் கிள்ளிக்கிட்டே இருந்தா பக்கம் விடும். இதுக்கு மாசமே பாக்க வேண்டாம்.

கத்திரி: கிழடு தட்டுனதைப் பிடுங்கச் சொல்லாத. நோய் இல்லாத செடியா இருந்தா ஒரு சாண் விட்டு வெட்டி, எரு வச்சுத் தண்ணி கட்டினா மறுதாம்பு வந்து இன்னொரு ரவுண்டு காய்க்கும். ஆனா இலை சிறுத்துக் கொத்துக் கொத்தா நின்னா அது சிற்றிலை நோய், வேரோட பிடுங்கி எரிச்சிரு. தண்டுல துளை இருந்தாலும் அதே கதைதான்.

சாயல்குடி முண்டு

மாப்ள, முருங்கையை யாருமே சொல்லல. நான் சொல்றேன். மார்கழியிலயே மொட்டையடி. வாடைக்காத்துல கிளை முறிஞ்சு ஓட்டு மேல விழுறதை விட நாமளே வெட்டுறது மேல்.

அப்புறம், வீட்டுல முண்டு மிளகாய் நாலு செடி நின்னா அதுல யாரும் கட்டரைக் காட்டாதீங்க. புரட்டாசியில விதைச்சது இப்பதான் பூவும் பிஞ்சுமா நிக்கும். மாசியிலேர்ந்துதான் பழம் பறிப்பு. 2023ல ராமநாதபுரம் முண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதுலேர்ந்து பட்டணத்துக்காரங்க எல்லாம் "தை மாசம் முண்டு விதை அனுப்புங்க"ன்னு கேக்குறாங்க. தையில விதைச்சா அது மழையில்லாம நிக்காது சாமி. மானாவாரிச் செடி அது.

உச்சிப்புளித் தோப்பு

> மார்கழியிலயே மொட்டையடி

இதுல நான் ஒத்துக்க மாட்டேன். தை, மாசியில பூக்கப் போற மரத்தை மார்கழியில மொட்டையடிச்சா பங்குனி, சித்திரைக் காய் போச்சு. முருங்கையை வெட்டுனா திரும்பக் காய்க்க 4, 5 மாசம் ஆகும். மார்கழியில வெட்டுனா வைகாசியிலதான் காயைப் பாப்ப. அப்ப கச்சான் அடிச்சுப் பூவை உதிர்த்துட்டுப் போயிரும்.

சாயல்குடி முண்டு

அண்ணே, காய் போனாப் போகுது, ஓடு போனா யாரு குடுப்பா? போன வருசம் பக்கத்து வீட்டுல கிளை விழுந்து தண்ணித் தொட்டியே போச்சு.

உச்சிப்புளித் தோப்பு

ஓட்டு மேல சாஞ்ச கிளையை மட்டும் எடு, யாரு வேண்டாம்னா. மொத்தமா வெட்டணும்னா புரட்டாசியில வெட்டு. மழைக்கும் வாடைக்கும் முன்னாடி பாரம் இறங்கிரும், தை மாசிக்குள்ள புதுக் கிளை பூவோட நிக்கும். வெட்டுன போத்தையும் வீணாக்க வேண்டாம். மூணடிலேர்ந்து அஞ்சடி நீளத்துல அப்பவே ஊனுனா மழையில வேர் பிடிச்சுக்கும். மார்கழிப் போத்துக்கு மழை எங்க இருக்கு?

இன்னொண்ணு, உங்க ரெண்டு மரமும் போத்து ஊனுனதா, விதை போட்டதா? பி.கே.எம். 1 மாதிரி விதை முருங்கைன்னா கணக்கே வேற. 1989ல பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலேர்ந்து வந்தது அது. முக்கா மீட்டர் வளரும்போது நுனி கிள்ளணும், வருசா வருசம் காய்ப்பு முடிஞ்சதும் மூணடியில வெட்டணும், நாலஞ்சு வருசத்துல புதுசு வைக்கணும்.

தோஹா மச்சான்

போத்து ஊனுனதுதான் அண்ணே. சரி, ஓட்டுப் பக்கம் சாஞ்ச கிளை மட்டும். மொத்தத்தைப் புரட்டாசிக்கு விடுறேன். சாயல்குடி மாப்ள கோவிச்சுக்க வேண்டாம்.

வெட்டுன வாயில என்ன பூசணும்? வீடியோல ஒண்ணுமே பூசாதங்குறான்.

பெரியபட்டினம் லாத்தா

சுண்டு விரல் கனத்துக்குக் கீழ ஒண்ணும் வேண்டாம். எங்க வீட்டுல முருங்கைக்கு மாட்டுச் சாணி உருண்டை வைப்பாங்க, வாப்பா காலத்துலேர்ந்து.

பரமக்குடி பி.எஸ்சி.

சாணி வெயில் படாம மூடும், பூஞ்சாணத்தை அது தடுக்காது. மார்கழிப் பனியில எலுமிச்சை வெட்டுவாய்ல கொம்புக்கருகல் (கிளை நுனியிலேர்ந்து காஞ்சுக்கிட்டே வர்ற நோய்) இறங்கும், அதுக்குப் போர்டோ பசைதான். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணியில, நீத்த சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டர்ல தனித்தனியாக் கரைச்சு, ரெண்டையும் ஒண்ணாக் கலக்கணும். மண்சட்டி, இல்லன்னா பிளாஸ்டிக் வாளியில கலக்குங்க; இரும்பு, தகரம் ஆகாது. கலந்த பிறகு பளபளன்னு தேய்ச்ச அரிவாள் நுனியை முக்கிக் கொஞ்ச நேரம் வச்சு எடுங்க. செம்பு நிறத்துல படலம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம், இன்னும் கொஞ்சம் சேர்க்கணும். அன்னைக்குக் கலந்ததை அன்னைக்கே பூசிரணும்.

இனி விதைக்கு வர்றேன். தோஹா அண்ணே, லிஸ்ட் கேக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. கிணத்துத் தண்ணி தையில எப்படி, பங்குனியில எப்படி?

தோஹா மச்சான்

தையில குடிக்கலாம். பங்குனியில லேசாக் கரிக்கும். சித்திரையில துணி துவைச்சா சோப்பு நுரைக்காது.

பரமக்குடி பி.எஸ்சி.

அப்ப விதை லிஸ்ட்டை உங்க கிணறுதான் போடணும்.

உங்க பக்கம் மணலுக்குள்ள நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழ ஏறக்குறைய 40 அடிக்கு உப்பைத் தள்ளி வச்சிருக்கும். மோட்டாரைப் போட்டு ஒரேயடியா இறைச்சு அந்த ஒரு அடியை இறக்கினீங்கன்னா அடியில இருக்குற உப்பு குபுக்குன்னு மேல ஏறிரும். அது மறுபடி கீழ போக அடுத்த ஐப்பசி வரணும். கொஞ்சம் கொஞ்சமா, காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவைன்னு இறைக்கணும்.

இப்ப கணக்கு. ஒரு சென்ட் 40 சதுர மீட்டர். மாசி, பங்குனியில செடிக்கு நாளைக்கு 5 மி.மீ. தண்ணி வேணும்னு வச்சா ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டர். 10 சென்ட்டும் போட்டா நாளைக்கு 2,000 லிட்டர். உறைக்கிணறு கரிக்காம அவ்வளவு குடுக்குமா? 800 லிட்டர்தான் குடுக்கும்னா 4 சென்ட்டுக்கு விதை வாங்குங்க. மிச்ச 6 சென்ட்டுக்கு வாங்குற விதை, உரம், கூலி எல்லாம் உப்புல போட்ட காசு.

அடுத்தது எந்தப் பயிர். உப்பு தாங்குறதுல கொத்தவரைதான் ராஜா. மண்ணுல உப்பு அளவு 8 தாண்டினாத்தான் அதுக்கு விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். (மின் கடத்து திறன், டெசிசைமன்ஸ் கணக்குல.) தட்டைப்பயறும் நல்லாத் தாங்கும். பீட்ரூட், பாலக்கும் பரவாயில்ல. தக்காளி நடுத்தரம். பீன்ஸ், கேரட், வெங்காயம் எல்லாம் 1 தாண்டினாலே முகம் சுளிக்கும். வீடியோக்காரங்க லிஸ்ட்ல முதல்ல நிக்குறது பீன்ஸும் கேரட்டும்தான், அதை அப்படியே அடிச்சிருங்க. ராமநாதபுரத்துல கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கு. மண்ணையும் தண்ணியையும் எங்க பரிசோதனைக்குக் குடுக்கணும்னு அங்க கேட்டுக்கங்க.

பாம்பன் பாலம்

பி.எஸ்சி. தம்பி சொல்றதுக்கு மேல ஒண்ணு. தண்ணி கரிக்குறதுக்குள்ள முடியுற பயிராப் பாருங்க. கீரை 25 நாள், முடிஞ்சது கதை. வெண்டை 45 நாள்ல பறிப்புக்கு வந்து 90, 100 நாள்ல ஓஞ்சிரும். தை முதல் வாரம் ஊனுனா சித்திரைக்குள்ள எடுத்துரலாம். வெண்டை உப்புக்குப் பயந்ததுதான், ஆனா அது பிஞ்சா இருக்கும்போது உங்க தண்ணி இனிக்குதே. பாகல், பீர்க்கு, புடலைக்கும் தைப்பட்டம் உண்டு, பந்தல் போடத் தெம்பிருந்தா போடுங்க. தண்ணி முழுசாக் கரிச்ச பிறகும் கொத்தவரை நிக்கும்.

நான் இந்தத் தடவை தர்பூசணியும் போடுறேன், வடகடல் பக்கம். யாரும் சிரிக்காதீங்க.

சாயல்குடி முண்டு

சிரிக்கல பாலம் அண்ணே, மயிலுக்கு விருந்து வைக்குறீங்கன்னு நெனச்சேன்.

தோஹா மச்சான்

4 சென்ட்னே வச்சுக்குவோம். வெண்டை, கொத்தவரை, தட்டை, கீரை, ரெண்டு குழி பாகல், ரெண்டு குழி பீர்க்கு. எவ்வளவு வாங்கணும்? ஆன்லைன்ல "நாட்டு விதை 40 வகை காம்போ"ன்னு ஒண்ணு வருது, அதைப் போட்டுரலாமா?

பெரியபட்டினம் லாத்தா

அந்தக் காம்போ வேண்டாம் வாப்பா. நான் ஒரு கடையில வாங்கி நொந்துட்டேன். பொட்டலத்துல தேதி இல்ல, முளைப்பு எவ்வளவுன்னு இல்ல. பேரு மட்டும் "பாட்டி காலத்து நீளப் பீர்க்கு". ஊனுனது ஒண்ணு கூடத் தலை காட்டல. போன் பண்ணிக் கேட்டா உங்க மண்ணு சரியில்லங்குறான். அதே மண்ணுல எங்க மாமி வீட்டுப் பீர்க்கு விதை நாலாம் நாள் முளைச்சு நிக்குது. 40 வகையில நம்ம ஊர்ல வர்றது பத்து இருந்தாப் பெருசு, மிச்சம் முள்ளங்கி, புரோக்கோலின்னு இருக்கும்.

பரமக்குடி பி.எஸ்சி.

லாத்தா சொன்ன அந்தத் தேதிதான் முக்கியம். 1966 விதைச் சட்டப்படி ரகம் பேரு, முளைப்புத் திறன், சோதனை பண்ண தேதி எல்லாம் அட்டையில இருக்கணும். நீல அட்டைன்னா சான்று விதை, பச்சைன்னா உண்மைநிலை விதை, அதாவது விக்குறவங்களே தரத்துக்குப் பொறுப்பேத்துக்குறது. சான்று விதைக்குச் சோதனை தேதியிலேர்ந்து 9 மாசம் கெடு. முளைப்பு கீழ்மட்டம் வெண்டைக்கு 65 சதவீதம், கொத்தவரைக்கு 70, தட்டைக்கு 75, பாகல், பீர்க்குக்கு 60. அட்டையில இதுக்குக் கீழ இருந்தாலோ ஒண்ணுமே போடாம இருந்தாலோ கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுங்க.

அளவு: வெண்டைக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. ஒரு சென்ட்டுக்கு 300 குழி. குழிக்கு ரெண்டு விதைன்னா 600. 100 கிராம்ல ஆயிரத்து ஐந்நூறுக்குப் பக்கமா வரும், ஆக 50 கிராம் போதும். கால் கிலோ பாக்கெட் வேண்டாம். கீரை சென்ட்டுக்கு 10 கிராம், பொடி மணல்ல கலந்து தூவுங்க. பாகல், பீர்க்கு ரெண்டு குழிக்குப் பத்துப் பத்து விதை. வெண்டையில அர்க்கா அனாமிகா மாதிரி மஞ்சள் தேமல் நோய் தாங்குற ரகமாக் கேளுங்க. இந்தப் பட்டத்துல அந்த நோயைப் பரப்புற வெள்ளை ஈ அதிகம். அர்க்கா அனாமிகா வீரிய ஒட்டு இல்ல, விதை எடுத்து வச்சுக்கலாம். எஃப் 1 (வீரிய ஒட்டு) வாங்கினா அடுத்த வருசம் விதை எடுக்கக் கூடாது, பிள்ளை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஜாடையில வரும்.

உச்சிப்புளித் தோப்பு

மிஞ்சுற விதையை உப்புக்காத்துல திறந்து வைக்காதீங்க, அதான் நம்ம பக்கம் பெரிய எமன். ஹார்லிக்ஸ் பாட்டில்ல அடியில வறுத்த அரிசி ஒரு கை, மேல துணி, அதுக்கு மேல பொட்டலம், மூடியை இறுக்கி மூடு. அரிசி ஈரத்தை இழுத்துக்கும். நசநசத்தா மாத்து. அடுத்த பட்டத்துக்கு முன்னாடி ஈரத்துணியில 20 விதை சுருட்டி வச்சுப் பாத்துட்டு ஊனு. வெண்டை விதையை முந்தின ராத்திரி ஊற வச்சா சீக்கிரம் முளைக்கும்.

மணல்ல விதைக்குறதுக்கு முன்னாடி கண்மாய் வண்டல் ஒரு டிராக்டர் அடிச்சா தண்ணிக் கணக்கே குறையும். கிடைக்கலன்னா தென்னை மட்டையை நறுக்கி மூடாக்குப் போடு. நீ பூவரசுல வெட்டுற தழையையும் அதோட போடு.

பெரியபட்டினம் லாத்தா

பூவரசுத் தழையை ஆட்டுக்கு விடுங்க அண்ணே. மிச்சம் விட்டதை மூடாக்குப் போட்டுக்கட்டும்.

தோஹா மச்சான்

சரி, லிஸ்ட் இதுதான்: வெண்டை 50 கிராம், கொத்தவரை ஒரு சென்ட்டுக்கு, தட்டை ஒரு சென்ட்டுக்கு, சிறுகீரையும் தண்டங்கீரையும் சேர்த்து 10 கிராம், பாகல், பீர்க்கு சின்னப் பாக்கெட். மல்லியை இந்த வெள்ளிக்கிழமை வெட்டச் சொல்லியாச்சு. உம்மா "இதைத்தான் நான் போன மாசமே சொன்னேன்"ங்குது.

ராம்நாட்டுல பஸ் ஸ்டாண்டு பக்கம் அட்டையோட விதை விக்குற கடை இருந்தா தனிச்செய்தியில சொல்லுங்க. அப்புறம் அந்த மயில் சமாச்சாரம், முளைச்ச உடனே கொத்திருமா?

சாயல்குடி முண்டு

கொத்திருமாவா! ரெண்டு இலை வந்த அன்னைக்கே வரிசையா வந்து கிள்ளிட்டுப் போகும். கிழிஞ்ச மீன் வலையைக் கம்பு ஊனி முழங்கால் உயரத்துக்கு மேல விரிச்சுக் கட்டுங்க, தரையோட போட்டா வலைக்கு மேல நின்னே கொத்தும். நாலு இலை, அஞ்சு இலை ஆயிட்டா வலையை எடுத்துரலாம். புதுமடத்துல வலைக்கா பஞ்சம் மாப்ள.

பாம்பன் பாலம்

நைலான் நரம்பு வலை வேண்டாம், ஓணானும் சாரையும் மாட்டிக்கிட்டுச் சாகும். கண்ணு பெருசா உள்ள பழைய கயித்து வலை கிடைச்சா அதைக் கட்டுங்க. எங்கிட்ட ஒரு துண்டு கிடக்கு, மண்டபம் பக்கம் வந்தா எடுத்துக்கங்க.